சத்தியத்தின் பக்கம் நின்ற ரஜனி திரணகம

இளமைப் பருவம் எதையும் முழுமனத்தோடு நம்பும் பருவம். நம்பியதற்காக வீட்டைத் துறக்கவும், படிப்பைத் துறக்கவும், உயிரையே துறக்கவும் அப்பருவத்தினர் பின்னிற்பதில்லை. இதனை நூல்களிலே படித்து அறியவேண்டிய நிலை எமக்கில்லை. எமது கரையோரக் கிராமங்களிலும் புத்தகத்தை மூடிவைத்துவிட்டு இயக்கங்களிற் சேர்ந்த பிள்ளைகள் இருந்தார்கள். அவர்களுள் திரும்பி வராதவரின் படத்துக்கு இன்றும் மாலை சாத்தும் தாய்மார் எம்மிடையே வாழ்கின்றனர்.

அவ்வாறு நம்பிச் சேர்ந்த ஒருவர், தாம் நம்பியது பிழைபட்டுப் போவதைக் கண்ணாற் காணும்போது என்ன செய்வது? கண்டும் காணாதவர் போல இருந்துவிடலாம். பிறநாடு சென்று பிழைத்துக் கொள்ளலாம். எதிரியின் பாசறையிலே போய்ச் சேர்ந்தும் விடலாம். இம்மூன்று வழிகளையும் விலக்கி, தம் மக்கள் நடுவிலேயே தங்கியிருந்து, கண்டதைக் கண்டவாறு எழுதிய ஒருவரின் சரிதையை இம்மலரிலே தருகின்றோம். அவர்தாம் வைத்திய கலாநிதி ரஜனி திரணகம அம்மையார்.

பிறப்பினால் கிறிஸ்தவர், மணத்தினால் ஒரு சிங்கள பௌத்தரின் மனைவி. இத்தகையாரின் வரலாறு இந்து வாலிபர் மலருக்கு எதற்கு என்று எவரேனும் வினவக்கூடும். இச்சரிதையை இறுதிவரை வாசிப்போர் அதற்கான விடையைத் தாமே கண்டுகொள்வர்.

பிறப்பும் கல்வியும்

அம்மையார் 1954ஆம் ஆண்டு பெப்ரவரி மாதம் 23ஆந் திகதி யாழ்ப்பாணத்திலே பிறந்தார். தந்தையார் ராஜசிங்கம் ஓர் ஆசிரியர். அவருக்குப் புதல்வியர் நால்வர். மூத்தவர் நிர்மலா, அவருக்கு அடுத்தவர் ரஜனி. பெண்பிள்ளைகள் கற்கவும், விவாதிக்கவும், தம் அபிப்பிராயத்தை வாய்விட்டுச் சொல்லவும் இடமளித்த வீடு அது.

ரஜனி கல்வி கற்ற காலம் தமிழ் மாணவர் உள்ளங்கள் கொதித்த காலம். 1970களின் தொடக்கத்திலே பல்கலைக்கழக அனுமதிக்குத் தரப்படுத்தல் முறை புகுத்தப்பட்டது. திறமையாகப் புள்ளி பெற்ற தமிழ் மாணவர் பலர் வாயிலிலேயே தடுத்து நிறுத்தப்பட்டனர். 1974 ஜனவரியில் யாழ்ப்பாணத்தில் நிகழ்ந்த தமிழாராய்ச்சி மகாநாட்டின் இறுதி நாளிலே பொலிஸார் கூட்டத்தினுட் புகுந்ததனால் உயிர்கள் பலியாயின. நியாயமான குறைகள் கேட்பாரற்றுக் கிடந்தமையாலேயே வாலிபர்களின் கைகள் ஆயுதத்தை நாடின. இதனை மறந்துவிட்டுப் பின்னர் நிகழ்ந்தவற்றை எடைபோடுவது நேர்மையாகாது.

1973ஆம் ஆண்டிலே ரஜனி கொழும்புப் பல்கலைக்கழகத்தின் மருத்துவ பீடத்துக்குத் தெரிவானார். பாடப்புத்தகமே உலகம் என்று இருக்கும் இயல்பு அவருக்கு இல்லை. மாணவர் அரசியலிலே ஈடுபட்டார். இடதுசாரிக் கருத்துக்களைக் கற்றார். அங்ஙனம் பழகிய வேளையிலேதான் களனி வளாகத்து மாணவர் தலைவராய் விளங்கிய தயாபால திரணகமவைச் சந்தித்தார். அவரோ கிராமத்துச் சிங்கள பௌத்தக் குடும்பத்தைச் சேர்ந்தவர். 1977இல் இருவரும் மணம் புரிந்தனர். அதே ஆண்டு ஓகஸ்ட் மாதத்திலே தமிழர்க்கெதிரான கலவரம் நாடெங்கும் மூண்டது. ஓரினம் மற்றோரினத்தைச் சந்தேகக் கண்ணோடு நோக்கிய அக்காலத்தில், அவ்விருவரும் இல்லறம் தொடங்கினர். நர்மதா, ஷாரிகா என்னும் இரு பெண்மக்கள் அவர்களுக்குப் பிறந்தனர்.

வைத்தியப் பணி

1978இல் யாழ்ப்பாண வைத்தியசாலையிலே பயிற்சி பெற்ற அம்மையார், பின்னர் மலைநாட்டிலே அப்புத்தளைக்கு அணித்தான ஹல்துமுல்லை என்னும் சிற்றூரிற் பணிபுரிந்தார். 1980இல் யாழ்ப்பாணப் பல்கலைக்கழக மருத்துவ பீடத்திலே உடற்கூற்றியல் விரிவுரையாளராக நியமனம் பெற்றார். அப்பீடம் தொடங்கப்பட்டு இரண்டு ஆண்டுகளே ஆகியிருந்தன. ஆசிரியர் தொகை குறைவு; வசதிகளும் குறைவு. எனினும் மாணவரோடு மாணவராய் நின்று கற்பித்த அம்மையாரிடம் அவர்களுக்கு மதிப்பும் உண்டு, அச்சமும் உண்டு.

யாழ்ப்பாணம் அப்பொழுது அமைதியான நகரமாக இல்லை. 1979இல் பயங்கரவாதத் தடைச் சட்டம் பிறந்தது. இளைஞர் பலர் விசாரணையின்றிச் சிறையில் வாடினர். 1981ஆம் ஆண்டு மே மாதம் 31ஆந் திகதி இரவு தொடங்கிய அட்டூழியத்திலே, ஏறத்தாழ 97,000 நூல்களைக் கொண்ட யாழ்ப்பாணப் பொது நூலகம் சாம்பராயிற்று. நூல் எரிந்த ஊரிலே நூல் கற்பிக்கும் ஆசிரியரின் உள்ளம் எவ்வாறு இருந்திருக்கும்!

இயக்கத்தோடு சேர்தல்

தமக்கையார் நிர்மலா அக்காலத்தில் தமிழீழ விடுதலைப் புலிகள் இயக்கத்தோடு தொடர்புடையவரானார். காயமுற்ற வாலிபர்கள் இரகசியமாக வந்தனர். அவர்களுக்கு மருந்து கட்ட ஒரு வைத்தியர் தேவைப்பட்டார். ரஜனி அம்மையார் அப்பணியை ஏற்றார். முதலிலே அது வைத்தியரின் கடமையாக இருந்தது. நாளடைவில் இயக்கத்தின் மீது கொண்ட பற்றாகவும் வளர்ந்தது. அவர் துப்பாக்கி ஏந்தியவரல்லர். எனினும் ஏந்தியவர்களின் இலட்சியத்தைத் தம் இலட்சியமாகவே கொண்டார்.

1982இன் பிற்பகுதியிலே நிர்மலா கைது செய்யப்பட்டார். பயங்கரவாதத் தடைச் சட்டத்தின் கீழ் சிறையிடப்பட்டார். அடுத்த ஆண்டில் ரஜனி பொதுநலவாயப் புலமைப்பரிசில் பெற்று, உடற்கூற்றியலில் உயர்கல்வி கற்பதற்காக இங்கிலாந்திலுள்ள லிவர்பூல் நகரத்துக்குப் பயணமானார். விரிவுரையாளராயிருந்தவர் மீண்டும் மாணவியானார்.

1983 ஜூலையிலே நிகழ்ந்த கொடுமையை விரித்துரைக்க வேண்டியதில்லை. வெலிக்கடைச் சிறையில் மாத்திரம் இரு நாட்களிலே 53 தமிழ்க் கைதிகள் கொல்லப்பட்டனர். நிர்மலா அச்சிறையின் பெண்கள் பகுதியிலே இருந்து உயிர் தப்பினார். எஞ்சிய கைதிகள் மட்டக்களப்புச் சிறைக்கு மாற்றப்பட்டனர். வாவி சூழ்ந்த அச்சிறையிலிருந்து 1983 செப்ரெம்பர் 23ஆந் திகதி அரசியற் கைதிகள் தப்பியோடிய செய்தி கிழக்கு மாகாணத்தாருக்குப் புதியதன்று. அன்று தப்பமுடியாமற் பெண்கள் பகுதியிலே எஞ்சிவிட்டவர் நிர்மலா. 1984இல் புலிகள் மீண்டும் வந்து அவரை விடுவித்துத் தமிழ்நாட்டுக்கு அனுப்பினர்.

அவ்வளவு காலமும் லிவர்பூலிலே ஆராய்ச்சிக் கூடத்திற்கும் பொதுக்கூட்ட மேடைக்கும் இடையே ரஜனியின் நாட்கள் கழிந்தன. தமக்கையின் விடுதலைக்காகப் பெரும் இயக்கமொன்றை நடத்தினார். ஈழத்தமிழர் படும் இன்னல்களை ஆங்கில மக்களுக்கு எடுத்துரைத்தார். புலிகளின் லண்டன் கிளையோடு சேர்ந்து உழைத்தார். அக்காலத்திலே அவர்போல் உழைத்தவர் சிலரே.

நம்பிக்கை தளர்ந்த வரலாறு

இங்கிலாந்து அவருக்குப் பட்டத்தை மாத்திரம் கொடுக்கவில்லை. அங்கே பெண்களின் உரிமைக்காகப் போராடிய சங்கங்களோடு பழகினார். கறுப்பின மக்களின் அமைப்புக்களையும், மூன்றாம் உலக நாடுகளின் விடுதலைக்காகப் பாடுபட்டோரையும் கண்டார். அச்சங்கங்களிலே கேள்வி கேட்போர் மதிக்கப்பட்டனர். தலைவர் சொன்னதை உறுப்பினர் மறுத்துரைத்தனர். வாதம் முற்றினாலும் மறுநாள் ஒரே மேசையில் அமர்ந்து வேலை செய்தனர்.

தாம் சேர்ந்திருந்த இயக்கத்திலோ நிலைமை வேறு. மேலிடத்துக் கட்டளையே அரசியல், கேள்வி கேட்பது ஐயத்துக்குரிய செயல், ஐயத்துக்குரியவர் துரோகி. சிறையிலிருந்து மீட்கப்பட்டுத் தமிழ்நாடு சேர்ந்த நிர்மலாவும் இதனையே கண்டார். இயக்கத்தினுள் பெண்களின் நிலை, உட்கட்சிச் சனநாயகம் ஆகியவைபற்றி அவர் எழுப்பிய வினாக்களுக்கு அங்கே இடம் கிடைக்கவில்லை. தம்மை மீட்ட இயக்கத்தையே சில மாதங்களுள் அவர் விட்டு விலகினார். தமக்கையின் அநுபவம் தங்கையின் எண்ணத்தையும் உறுதிப்படுத்தியது. ரஜனியும் விலகினார்.

ஒரு நாளிலே ஒரு சம்பவத்தினால் உண்டான மனமாற்றம் அன்று இது. பற்று மிகுந்த உள்ளம் முதலிலே குறைகளுக்குச் சமாதானம் கற்பித்துக் கொள்ளும். போர்க்காலத்திலே இவை தவிர்க்க முடியாதவை என்று தன்னைத் தேற்றிக்கொள்ளும். அடக்கப்பட்ட மக்களுக்கு இதைவிட வேறு கதி ஏது என்று கேட்கும். அத்தேறுதல்கள் ஒவ்வொன்றாகக் கழன்று விழுந்த பின்னரே உண்மை தெரியவரும். இந்நோவை அநுபவித்தோர் எமது மாகாணத்திலும் பலருளர்.

இங்கே ஒன்றைக் கவனித்தல் வேண்டும். இயக்கத்தின் மீதுள்ள நம்பிக்கையை இழந்த அம்மையார் மக்களின் மீதுள்ள நம்பிக்கையை இழந்தாரல்லர். தமிழர்க்கு நேர்ந்த அநீதி அநீதியல்லவென்று அவர் ஒருபோதும் கூறவில்லை. அநீதியை எதிர்ப்போர் தாமும் அநீதி புரியலாகாது என்பதே அவர் கண்ட முடிவு.

தாயகம் திரும்பல்

கல்வியை முடித்த அம்மையார் லிவர்பூலிலேயே தங்கியிருக்கலாம். பட்டம் பெற்ற வைத்தியருக்கு அங்கே உத்தியோகம் கிடையாமற் போகாது. அப்படித் தங்கியவர்கள்மீது நாம் குறைகூறுவதற்கில்லை. ஆனால் அவர் 1986இல் இரு சிறு பெண்பிள்ளைகளோடு யாழ்ப்பாணம் திரும்பி, உடற்கூற்றியற் பகுதியின் பொறுப்பை ஏற்றார்.

அவ்வாண்டு யாழ்ப்பாணத்திலே தமிழர் தமிழரைக் கொன்ற ஆண்டு. ஏப்ரில் மாத இறுதியிலே புலிகள் ரெலோ இயக்கத்தின்மீது பாய்ந்தனர். அவ்வியக்கத்தின் தலைவர் சிறீ சபாரத்தினம் மே மாதத்தில் கொல்லப்பட்டார். ஒரே மண்ணிற் பிறந்து, ஒரே குறைக்காக வீட்டைவிட்டுச் சென்ற பிள்ளைகளின் உடல்கள் சந்திகளிலே எரிந்தன. ஊரார் பார்த்து நின்றனர். ஆண்டின் முடிவிலே ஈ.பி.ஆர்.எல்.எப். இயக்கமும் அவ்வாறே தடை செய்யப்பட்டது.

நவெம்பர் மாதம் 4ஆந் திகதி, மட்டக்களப்பைச் சேர்ந்த விஜிதரன் என்னும் யாழ்ப்பாணப் பல்கலைக்கழக மாணவர் கடத்தப்பட்டார். எமது கிழக்கிலிருந்து படிக்கச் சென்ற பிள்ளை அவர். அவரைத் திருப்பித் தருமாறு மாணவர்கள் உண்ணாவிரதம் இருந்தனர், ஊர்வலம் சென்றனர். விஜிதரன் திரும்பவில்லை. அப்போராட்டத்தை முன்னின்று நடத்திய விமலேஸ்வரன் என்னும் மாணவரும் 1988 ஜூலையிலே சுட்டுக் கொல்லப்பட்டார். விடுதலைக்காகப் படிப்பைத் துறந்த தலைமுறை, தம் தோழன் எங்கேயென்று கேட்டதற்காகவே மாளவேண்டியதாயிற்று. அம்மையார் கற்பித்த பல்கலைக்கழகம் இத்தகையது.

போரின் நடுவிலே

1987 ஜூலை 29ஆந் திகதி இலங்கை இந்திய ஒப்பந்தம் கைச்சாத்தாயிற்று. அமைதி காக்க வந்த இந்தியப் படைக்கும் புலிகளுக்கும் ஒக்டோபர் மாதத்திலே போர் மூண்டது. தீபாவளித் தினமாகிய ஒக்டோபர் 21ஆந் திகதி, யாழ்ப்பாண வைத்தியசாலையினுள் இந்தியப் படையினர் புகுந்து சுட்டனர். வைத்தியர், தாதிமார், நோயாளர் என 60 பேருக்கு மேல் மாண்டனர். உயிர் காக்கும் இல்லமே கொலைக்களமாயிற்று.

பல்கலைக்கழகமும் படையினரின் கைப்பட்டுச் சேதமுற்றது. கற்றவர் பலர் கொழும்புக்கும் பிறநாடுகளுக்கும் சென்றுவிட்டனர். அம்மையார் போகவில்லை. சக ஆசிரியர்களோடு படை அதிகாரிகளை நேரிற் சந்தித்து வாதாடினார். மாணவரை மீண்டும் வரவழைத்தார். வகுப்பு நடைபெறும் வளாகத்திலே அச்சம் சற்றுக் குறையும் என்பது அவர் எண்ணம். பல்கலைக்கழகம் மீண்டும் இயங்கத் தொடங்கியதிலே அவர் பங்கு பெரிது.

1988இலே மனித உரிமைகளுக்கான பல்கலைக்கழக ஆசிரியர் சங்கத்தின் யாழ்ப்பாணக் கிளையைத் தோற்றுவித்தவர்களுள் அம்மையாரும் ஒருவர். கணித விரிவுரையாளர்களான ராஜன் ஹூல், கே. சிறீதரன் ஆகியோரும், மனநோய் வைத்தியர் தயா சோமசுந்தரமும் அவரோடு தோள்கொடுத்தனர். நால்வரும் எழுதிய நூலே ஆங்கிலத்தில் த புரோக்கன் பல்மைரா என்றும், தமிழில் முறிந்த பனை என்றும் பெயர்பெற்றது.

அவர்கள் கைக்கொண்ட முறை எளியது. ஆயினும் அக்காலத்தில் அதைவிட ஆபத்தான தொழில் வேறில்லை. சம்பவம் நிகழ்ந்த இடத்துக்குச் செல்வது, மாண்டவர் யார், எப்பொழுது, யார் கையால், எவ்வாறு என்று கேட்பது, ஒருவர் சொன்னதை மற்றொருவர் வாயாலும் கேட்டு ஒப்பிடுவது, பின்னர் எழுதுவது. கொன்றவர் இலங்கைப் படையினரா, இந்தியப் படையினரா, புலிகளா, பிற இயக்கத்தவரா என்பதற்கேற்ப எழுத்தின் நிறத்தை அவர்கள் மாற்றவில்லை. உடலை அறுத்து உண்மை காணும் உடற்கூற்றியல் ஆசிரியைக்குச் சமூகத்தின் நோயை மூடி மறைக்க மனம் வரவில்லை போலும்.

அம்மையார் பெண்களின் துயரைத் தனியே ஆராய்ந்தார். படையினராற் கெடுக்கப்பட்டு வெளியிற் சொல்ல வழியின்றித் தவித்த பெண்களைத் துவிச்சக்கரவண்டியிற் சென்று சந்தித்தார். மகனை இழந்த தாய், கணவனை இழந்து பிள்ளைகளோடு தனித்து நின்றவள் ஆகியோரின் கதைகளைக் கேட்டு எழுதினார். எழுதியதோடு நில்லாது, அத்தகைய பெண்களுக்கு நிழலாகப் பூரணி என்னும் இல்லம் தோன்றவும் உழைத்தார்.

முடிவு

1989இல் நூலின் பிரதிகள் கைமாறத் தொடங்கின. எல்லாத் துப்பாக்கிகளையும் ஒருங்கே கேள்வி கேட்ட அந்நூல் எத்துப்பாக்கியினருக்கும் உவப்பாக இருக்கவில்லை. தமக்கு வரக்கூடிய முடிவை அம்மையார் அறியாதவரல்லர். தம்மைச் சுடும் கை அந்நியன் கையாக இராது, தம் சமூகத்துப் பிள்ளை ஒருவனின் கையாகவே இருக்கும் என்றும் முன்கூட்டியே உணர்ந்திருந்தார். உணர்ந்தும் ஊரை விட்டு அகலவில்லை.

1989 செப்ரெம்பர் 21ஆந் திகதி. மருத்துவ பீடத்திலே அன்றைய வேலையை முடித்துக்கொண்டு, திருநெல்வேலியிலுள்ள தம் வீட்டை நோக்கித் துவிச்சக்கரவண்டியில் வந்துகொண்டிருந்தார். வீட்டுக்கு அண்மையிலே சுட்டு வீழ்த்தப்பட்டார். அப்போது அவருக்கு வயது 35. மூத்த மகளுக்கு 11, இளையவளுக்கு 9.

அவரைக் கொன்றோர் விடுதலைப் புலிகளே என்று அவருடைய குடும்பத்தாரும் தோழர்களும் இடைவிடாது கூறிவந்துள்ளனர். புலிகள் அதனை ஏற்கவில்லை. அக்கொலைக்காக எவரும் நீதிமன்றிலே தண்டிக்கப்படவுமில்லை. காயம்பட்ட போராளிக்கு மருந்து கட்டிய கைகள் அன்று தெருப்புழுதியில் ஓய்ந்தன.

அவருக்குப் பின்னர்

முறிந்த பனை 1990இல் அச்சேறியது. தோழர்கள் யாழ்ப்பாணத்தில் இருக்கமுடியாத நிலைமை உண்டாயிற்று. எனினும் மறைந்திருந்தும் இடம்பெயர்ந்தும் அறிக்கைகளைத் தொடர்ந்து வெளியிட்டனர். ராஜன் ஹூல், சிறீதரன் ஆகிய இருவருக்கும் 2007இல் சர்வதேச மனித உரிமைப் பரிசாகிய மார்ட்டின் எனல்ஸ் விருது கிடைத்தது. அம்மையாரின் 25ஆம் ஆண்டு நினைவு 2014இல் யாழ்ப்பாணத்திலே அநுட்டிக்கப்பட்டது.

இவ்விடத்திலேதான் அவர் தொடக்கிவைத்த பணி எமது கரைக்கும் வந்து சேருகின்றது. 1990 ஓகஸ்ட் மாதத்தை இக்கரையார் எவரும் மறந்திலர். காத்தான்குடியிலே பள்ளிவாசலில் தொழுதுகொண்டிருந்தோர் நூற்றுக்கு மேல் கொல்லப்பட்டனர். ஏறாவூரிலே முஸ்லிம்கள் உறக்கத்திலே கொல்லப்பட்டனர். எமக்கு அடுத்துள்ள வீரமுனையிலே கோயிலிற் புகலடைந்த தமிழர் கொல்லப்பட்டனர். ஒக்டோபரில் வடக்கின் முஸ்லிம்கள் அனைவரும் வீடு வாசலைவிட்டு வெளியேற்றப்பட்டனர். அம்மையாரின் தோழர்கள் தமிழருக்கு நேர்ந்ததையும் முஸ்லிம்களுக்கு நேர்ந்ததையும் ஒரே அளவுகோலால் அளந்து எழுதினர். அந்நாட்களில் ஒவ்வொரு சமூகமும் தன் பிணங்களை மாத்திரமே எண்ணியது. இரு பக்கத்துப் பிணங்களையும் எண்ணிய தமிழரும் இருந்தனர் என்று இன்று நாம் அயலவர் முகத்தைப் பார்த்துச் சொல்லக் கூடியதாயிருப்பது அவர்களாலேயே.

நிந்தவூரிலே வாழும் எமக்கு இதன் பெறுமதி தெரியும். சந்தையிலும் வயலிலும் கடற்கரையிலும் நாம் தினமும் சந்திக்கும் அயலவர் முஸ்லிம் மக்கள். அவர்களிடமும் ஆறாத புண்கள் உள, எம்மிடமும் உள. எம் புண்ணை மாத்திரம் காட்டி அவர் புண்ணை மறைத்தால் உறவு வளராது. அவர் புண்ணை ஏற்றுக்கொள்ளும்போது எம் புண்ணை மறுக்க அவர்க்கும் மனம் வராது.

வாலிபர்களே! இலட்சியம் வேண்டாம் என்று எவரேனும் கூறினால் கேளாதீர்கள். இலட்சியமற்ற இளமை வாய்க்கால் வற்றிய வயலுக்கு ஒப்பானது. சங்கத்திற் சேருங்கள், பொதுப்பணியில் இறங்குங்கள், அநீதியைக் கண்டால் எதிர்த்து நில்லுங்கள். ஆனால் கேள்வி கேட்கும் உரிமையை எத்தலைவரிடமும் அடகு வையாதீர்கள். உங்கள் பக்கத்தார் செய்த பிழையைக் கண்டால் உங்கள் பக்கத்திலிருந்தே அதனை எடுத்துச் சொல்லுங்கள். விஜிதரன் எங்கேயென்று கேட்ட மாணவர்கள் தம் இனத்தைக் காட்டிக்கொடுத்தவர்களல்லர். மாண்டவர் பெயர்களை எழுதிவைத்த அந்த ஆசிரியையும் காட்டிக்கொடுத்தவரல்லர்.

அம்மையாரின் நினைவுக்கு நாம் செய்யக்கூடிய சிறிய காணிக்கை ஒன்றுண்டு. எமது கிராமங்களிலே போர்க்காலத்தில் மாண்டோர், காணாமற் போனோர் ஆகியோரின் பெயர்களைச் சாதி, சமயம், இயக்கம் என்ற பேதமின்றி ஒரு புத்தகத்திலே எழுதிவைப்போமாக. அறிந்த முதியோர் இன்னும் எம்மிடையே இருக்கின்றனர். காலந் தாழ்த்தினால் அதுவும் கைகூடாது.